பெரிய பாதி

செத்துப்போன என் வீட்டுக்காரர் அமாவாசைக்கு அமாவாசை எங்கள் நாயைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். இப்படி எழுதினால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு சாயந்தரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் ஒருத்தருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

திருக்கோகர்ணத்தில், டவுன் பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் என் தையல் மிஷின். ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் தைப்பேன். அரை இஞ்சு பிசகினால் முகத்துக்கு நேரே துணியை விட்டெறிகிற வாடிக்கைக்காரிகளை வைத்துப் பிழைக்கிறவள் நான். என் வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். காலை டூட்டி முடிந்து, வெயில் லேசாகச் சாயும்போது வருவார். வந்ததும் குழாயடியில் கால் கழுவுவார். பிறகு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து நாயின் காதைச் சொறிந்துவிடுவார். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் நாய்க்கு இதெல்லாம் நடந்தாக வேண்டும்.

அது ஒரு செவலை நாட்டு நாய். பஸ் ஸ்டாண்டில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை டிக்கெட் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். சோறு வைத்தது நான், குளிப்பாட்டியது நான், பீ அள்ளியது நான். ஆனால் அது அவருடைய நாய். உலக வழக்கம் அதுதானே.

ஒரு நாள் டூட்டியில், நெஞ்சு வலிக்கிறது என்று பஸ் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் அவருடைய அக்கா எனக்குத் துணைக்கு ஒரு மாதம் இருக்கிறேன் என்று தங்கினார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்கும் ஆள் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு மாதம் அப்படியே நீண்டுவிட்டது. நல்லதுதான், சண்டை போடவாவது வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே.

அடுத்த வருஷம் ஆடி அமாவாசை. அண்ணி தம்பிக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் வாழைக்காய் வறுவலும் செய்து, இலை போட்டுப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, நாங்களும் சாப்பிட்டு எழுந்துவிட்டோம். நான் மிஷினில் இருந்தேன். அவர் வழக்கமாக வருகிற நேரத்துக்கு ரோட்டில் டவுன் பஸ் ஹாரன் கேட்டது. மிஷினுக்கு அடியில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. எழுந்து கேட்டுக்குப் போய் வாலை ஆட்டியது. மூக்கால் ஒரு சத்தம் போட்டது, எண்ணெய் இல்லாத கதவு முனகுவது மாதிரி. அவர் போனதிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அவரைத் தவிர வேறு யாருக்கும் அது அந்தச் சத்தம் போட்டதும் இல்லை.

கேட் சாத்தியிருந்தது. வெளியே சந்து வெறிச்சோடிக் கிடந்தது.

நாய் திரும்பி உள்ளே நடந்தது. யாருடைய காலையோ உரசிக்கொண்டு வருவது போல உடம்பை வளைத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தது. நேராகக் குழாயடிக்குப் போனது. ஒரு மனுஷன் இரண்டு காலையும் கழுவுகிற நேரம் அங்கே நின்றது. பிறகு வராந்தாவுக்கு வந்து, காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இடது காதைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு உச்சந்தலை வரை சிலிர்த்துவிட்டது. "அண்ணி!" என்று கத்தினேன். அவர் அடுப்படியிலிருந்து வந்து நிற்கவும், நாய் தொப்பென்று சாய்ந்து, நாலு காலும் விறைத்து இழுக்கவும் சரியாக இருந்தது. வாயில் நுரை தள்ளியது. கண் திறந்திருந்தது, ஆனால் அதில் நாய் இல்லை. அண்ணி ஓடிப்போய் சாவிக்கொத்தை எடுத்துவந்து அதன் காலுக்குள் திணித்துப் பார்த்தார். மனுஷனுக்குச் செய்வதை நாய்க்குச் செய்தால் அது பிடித்துக்கொள்ளுமா என்ன!

இழுப்பு தானாக நின்றது. மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையான பெண். "இது வலிப்பு நோய்ங்க. மாத்திரையில கட்டுக்குள்ள வச்சிருக்கலாம். ஆனா ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, திடீர்னு நிப்பாட்டவும் கூடாது" என்றார். இதன் எடைக்கு வேண்டிய சின்ன அளவு மாத்திரை இங்கே கடையில் கிடைக்கவில்லை. பெரியதை வாங்கி, பாதியாக உடைத்து, காலையில் பாதி, சாயந்தரம் பாதி கொடுக்கச் சொன்னார். ஒரு அட்டை வாங்கினால் ஒரு மாதம் வரும்.

மாத்திரை வெள்ளையாக, மொச்சைக் கொட்டையில் பாதி கூட இருக்காது. உடைக்க நடுவில் கோடும் இல்லை. நகத்தால் அழுத்தினால் வழுக்கியது. அரிவாள்மனையில் வைத்தால் துள்ளிப்போய் மிஷினுக்கு அடியில் விழுந்தது. "இங்கிட்டுக் குடு" என்று அண்ணி தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தார். டக், டக் என்று அட்டை முழுசையும் ஒரே மூச்சில் வெட்டி எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். தினம் தினம் எவள் வெட்டிக்கொண்டு கிடப்பது? காலையில் அண்ணி இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுப்பார். சாயந்தரம் விளக்கேற்றியதும் நான் கொடுப்பேன். ஒரு வேளை கூடத் தவறவில்லை. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அடித்துச் சொல்வேன்.

அடுத்த அமாவாசைக்கு அவர் மறுபடி வந்தார்.

அதே ஹாரன், அதே கேட், அதே குழாயடி, அதே நாற்காலி. அப்புறம் இழுப்பு. அதற்கடுத்த மாதமும் அப்படியே. அமாவாசைக்கு முதல் நாளோ மறுநாளோ ஒரு தடவை தள்ளிப் போயிருக்கலாம், மற்றபடி தவறியதில்லை. அமாவாசை கழிந்து புது அட்டை வெட்டியதும் அந்த நாய் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி பின்னங்கால் பின்ன நடக்கும். தண்ணீராகக் குடிக்கும், தூங்கி வழியும். நாள் போகப் போகத் தெளியும். பிறை தேய்ந்து தேய்ந்து கடைசியில் சின்னச் சத்தத்துக்கெல்லாம் காதை விடைக்க ஆரம்பிக்கும். அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும், ஆள் வரப்போகிறார் என்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "நாய் கண்ணுக்குத் தெரியும்ங்க அதெல்லாம்" என்றாள் ரவிக்கை வாங்க வந்த ஒருத்தி. இன்னொருத்தி தேதி பார்த்துவிட்டு, "அன்னிக்கு மட்டும் வேணாங்க, நான் மறுநாள் வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அண்ணிக்குப் பயமே இல்லை. அமாவாசையன்று காலையிலேயே தலை குளித்து, நாற்காலியைத் துடைத்துப் போடுவார். நாய் காதைக் கொடுத்துக் கண்ணை மூடும்போது, "தம்பி, சாப்பிட்டியாப்பா? கொழம்புல உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் பதில் வந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

எனக்கு வந்தது பயமும் கோபமும். ஒரு தடவை நான் நாய்க்குப் பக்கத்திலேயே மண்டி போட்டுப் பார்த்தேன். அதன் இடது காதோரம் முடி அழுந்திப் படிந்தது. எழுந்தது. மறுபடி படிந்தது. கொடியில் காயப்போட்ட துணி கூட அசையவில்லை. என் இரண்டு கையும் என் மடியில் இருந்தன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நாற்காலியைப் பார்த்து, "ஏய்யா, நாய்க்குக் காது சொறிய வரத் தெரியுது, என் பக்கம் திரும்ப ஒனக்குக் கழுத்து இல்லையா?" என்று கேட்டேன். அதற்குள் நாய் விழுந்துவிட்டது. அன்றைக்கு நான் பார்த்த அந்த முடிக்கு எந்தக் கணக்கிலும் இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

தை அமாவாசையன்று இழுப்பு நிற்கவில்லை. நின்றது போலிருக்கும், மறுபடி தொடங்கும். நாக்கைக் கடித்து ரத்தம் கொட்டியது. சந்து முனை ஆட்டோவைக் கூப்பிட்டு, பழைய சேலையில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் அதன் இதயம் என் தொடையில் அடித்துக்கொண்டே வந்தது. ஊசி போட்டு அடக்கிய பிறகு டாக்டரம்மா கேட்டார்:

"மாத்திரை ஒழுங்காக் குடுக்குறீங்களா?"

"ஒரு வேளை கூடத் தவறலைங்க. எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று எகிறினேன்.

"கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தரம் இப்படி நிக்காம இழுத்துச்சுன்னா என்னால காப்பாத்த முடியாதுங்க. அதுக்காகத்தான் கேக்கிறேன்."

அடுத்த மாதத்துக்கும் சேர்த்து இரண்டு அட்டையாக வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நாற்காலியை எடுத்துக் கொல்லைப்புறம் போட்டேன். பார்க்க வருகிறவன் பார்த்துவிட்டுப் போக வேண்டும், கையோடு கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறானே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணி போய் நாற்காலியை எடுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டார்.

அதற்கடுத்த அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். அன்னவாசலில் ஒரு காதுகுத்துக்கு அண்ணி காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். காலை மாத்திரையை நான் கொடுக்க வேண்டியிருந்தது. சாயந்தர விளக்கு வெளிச்சத்தில் டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்தே எனக்குப் பழக்கம். அன்று நல்ல வெயில் வெளிச்சம். வெட்டு மேஜையில் கறுப்பு ரவிக்கைத் துணி விரித்திருந்தேன். விரலுக்கு ஒன்றும் சரியாகச் சிக்கவில்லை என்று டப்பாவைத் துணிமேல் கவிழ்த்தேன்.

கறுப்பில் வெள்ளையாக அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. எல்லாம் பொடிசு. ஒன்று நகக்கண் அளவு. ஒன்று பிறை மாதிரி ஒல்லி. மிச்சம் நொறுங்கிய மாவு. பாதி என்று சொல்ல அங்கே ஒன்று கூட இல்லை. ஆறாவது படிக்கிற பிள்ளை கூடச் சொல்லும், இரண்டு பாதி சேர்ந்தால் ஒரு முழுசு. புது அட்டையிலிருந்து ஒரு முழு மாத்திரையை எடுத்து வைத்து, பக்கத்தில் இரண்டு துண்டைச் சேர்த்துப் பார்த்தேன். முழுசு வரவில்லை. மூன்றைச் சேர்த்தேன். அப்போதும் ஒரு ஓரம் காலியாக இருந்தது. துணியில் அரை இஞ்சு குறைந்தால் பத்தடி தள்ளியிருந்தே கண்டுபிடிக்கிறவள், இத்தனை மாதம் இதைப் பார்க்கவில்லை.

அப்படியானால் பெரிய பாதியெல்லாம் எங்கே போனது? அந்தக் கேள்வியோடு என் கையை நானே பார்த்தேன். அது அந்தப் பொடிசுகளுக்குள்ளும் துழாவி, இருப்பதில் பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஒருத்தருக்கு எடுத்துக் கொடுக்கும்போது பெரியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். வடையானாலும் மாம்பழத் துண்டானாலும் அப்படித்தான். சின்னதை எடுத்துக் கொடுத்தால் என் அம்மா புறங்கையில் அடிப்பாள். அண்ணி வளர்ந்ததும் அப்படித்தான். பாக்குவெட்டி ஒரு மாத்திரையைக்கூடச் சமமாக வெட்டியதில்லை. ஒரு பக்கம் பெரியது, ஒரு பக்கம் சின்னது. காலையில் அண்ணி பெரியதாகப் பார்த்து எடுக்க, சாயந்தரம் நான் பெரியதாகப் பார்த்து எடுக்க, மாதத் தொடக்கத்தில் நாய்க்கு அளவுக்கு மேல் போய்க் கிறுகிறுத்தது. அடியில் தங்கிய சின்னதெல்லாம் கடைசி நாட்களில் போனது. முதல் வலிப்பு அமாவாசையன்று வந்தது, மறுநாள் அட்டை வாங்கினோம். ஒரு அட்டை ஒரு மாதம். அட்டை தீர்கிற நேரம் அமாவாசை வந்து நின்றது.

அடப் பாவிகளா! பாசமாய்ப் பாசமாய்ப் பொறுக்கிப் போட்டே அதைச் சாகக் கொடுக்கப் பார்த்தோமே!

நாயையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா துண்டுகளை உள்ளங்கையில் கொட்டி, விரலால் புரட்டிப் பார்த்தார். "ஒடம்புல இந்த மருந்து எப்பவும் ஒரே மட்டத்துல நிக்கணுங்க. மொத்தமா வெட்டி வைக்காதீங்க. மெடிக்கல்ல மாத்திரை வெட்டுற டப்பா விக்கிது, அதுல வச்சு ஒரு மாத்திரையை வெட்டுங்க. காலையில ஒரு பாதி, சாயந்தரம் அதே மாத்திரையோட மறுபாதி. அது தீர்ந்தப்புறந்தான் அடுத்ததை வெட்டணும். கொஞ்சம் முன்னப்பின்ன வெட்டுப்பட்டாலும் அன்னிக்கு உள்ளது அன்னிக்கே சரியாப் போயிரும்" என்றார். அதுவரை குறைந்ததற்கு ஒரு ஊசி போட்டார். பொடிசுகளைக் கொட்டிவிடச் சொன்னார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். ஏன் கொட்டவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் அண்ணி வந்ததும் எல்லாவற்றையும் துணியில் பரப்பிக் காட்டிச் சொன்னேன். அவர் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அமாவாசைக்கு வந்தது?"

"யாரும் வரலை அண்ணி. மருந்து கொறைஞ்சிருக்கு, நாய்க்கு மூளை கலங்கியிருக்கு. அவ்வளவுதான்."

"மருந்து கொறைஞ்சா இழுப்பு வரும், சரி. எந்தம்பி எந்நேரத்துக்கு வருவான், எங்க கால் கழுவுவான்னு மருந்துக்கு எப்படித் தெரியும்?"

அந்த முடி படிந்ததை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

அமாவாசை வந்தது. காலையில் நான் மாத்திரையை வெட்டி, ஒரு பாதியை இட்லியில் வைத்துக்கொண்டு வந்தேன். நாய் வாலை ஆட்டிக்கொண்டு என் கையைப் பார்த்து நின்றது. அண்ணி ஈரத்தலையோடு வந்து என் முழங்கையைப் பிடித்தார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"ஏத்தா, இன்னிக்கு ஒரு நா மட்டும் அந்தச் சின்னதைக் குடேன். அலமாரியில வச்சிருக்கியே. ஒரே ஒரு தடவை. அவங்கிட்டச் சொல்லிட்டு விட்டுர்றேன்."

"என்ன பேசுறீங்க? வாயில்லாச் சீவனை வெட்டிப் படையல் போடச் சொல்றீங்களா? அன்னிக்கு மடியில போட்டுக்கிட்டு ஓடுனது நீங்களா நானா?" என்று கத்தினேன். சந்தே கேட்டிருக்கும்.

அவ்வளவு சத்தமாகக் கத்தியதற்குக் காரணம் எனக்கும் அந்த ஆசை இருந்ததுதான். என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் நான். இட்லியை நாயின் வாயில் வைத்து, அது விழுங்குகிற வரை தாடையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்துக் கக்கூஸில் கொட்டி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அண்ணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றும் அவர் சமைத்தார். இலையில் எல்லாம் வைத்தார். காக்காய் வந்து எடுத்தது. சாப்பிட்ட பிறகு நான் மிஷினில் உட்கார்ந்தேன், ஆனால் ஊசியில் நூல் கூடக் கோக்கவில்லை. அண்ணி வராந்தாத் தரையில், நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். நாய் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துத் தூங்கியது. வெயில் சுவரில் இறங்கிக்கொண்டே வந்தது. காத்திருக்கிறோம் என்று நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

நாய் அசையவில்லை. அண்ணி மெல்ல நகர்ந்து போய் அதன் காதில் குனிந்து, "தங்கம், எந்திரி. தம்பி வந்திருக்கான் பாரு. போய்க் கூட்டியா" என்றார். அதன் தோளைப் பிடித்து உலுக்கினார். அது ஒரு கண்ணைத் திறந்து அவர் கையை நக்கிவிட்டு, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு, மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டது. கேட்டைப் பார்த்தேன். குழாயடியைப் பார்த்தேன். நாற்காலியைப் பார்த்தேன். என் வீடு அவ்வளவு காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணி மாரில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எங்கூடப் பொறந்தவனே! சொல்லாமப் போயிட்டியேடா!" என்று அவர் போட்ட ஓலத்தில் காக்காய்கள் பறந்தன. தம்பி செத்த அன்று அவர் அழவில்லை. நான் விழுந்து கிடந்ததால் என்னைத் தாங்குவதும் ஆகவேண்டியதைப் பார்ப்பதுமாகவே அவருக்கு அந்த நாள் போனது. நான் எழுந்து போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அழுதோம்.

கேட்டில் யாரோ தட்டினார்கள். ரவிக்கைத் துணிப் பையோடு ஒரு பெண், புதியவள், யாரோ விலாசம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"என்னாச்சுங்க?"

"எங்க வீட்டுக்காரரு தவறிட்டாரும்மா."

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, எப்பங்க?"

"இப்பத்தான்" என்றேன்.